காய்ந்த மண்ணுக்குப் போட்ட கணக்கு

ஜூன் 9
வெயில். வயலெல்லாம் பாளம் பாளமாக. எண்ணெய் தேடும் கம்பெனிக்காரர்கள் தெற்கே குழி போட்டு வெடி வைக்கிறார்கள். அடுத்த வீட்டு சபியாவுக்குக் கொல்லைச் சுவர் பற்றிக் கவலை. அதையொட்டித்தான் மாமனார் கட்டில், பக்கவாதம். புருஷன் ரியாத்தில்.
“பாலிடெக்னிக்ல கரண்டு லேப் பாக்குறீங்கள்ல, கணக்குப் போட்டுச் சொல்லுங்கண்ணே.”
“கரண்டுக்கும் மண்ணுக்கும் என்னங்க?” என்றாள் என் மனைவி. காட்டுகிறேன் என்றேன். வாய்க் கொழுப்பு.

ஜூன் 11
வாங்க: சாலிடர், பல்பொடி, அவளுக்குத் தைலம்.
லேபில் சர்க்யூட் தயார், மண் ஆடுவதற்கு ஒரு மின்சார நகல். காயில் – மண்ணின் கனம். கெபாசிட்டர் – மண்ணின் நெகிழ்வு. ரெசிஸ்டர் – ஆட்டத்தை அடக்குவது. சுவிட்ச் – வெடி. நேற்றைய வெடிக்குச் சுவரோரம் டம்ளர் தண்ணீர் எவ்வளவு நேரம் ஆடியதென்று பார்த்து அளவுகளைப் பொருத்தினேன். சுவிட்சைத் தட்டினால் ஆசிலோஸ்கோப் திரையில் பச்சைக் கோடு மூன்று துள்ளல், அடங்கிவிட்டது.
சபியாவிடம்: சுவர் நிற்கும், கட்டிலை நகர்த்த வேண்டாம். பியூன் வரைக்கும் பீற்றியாயிற்று.

ஜூன் 20
வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரோடு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். வரப்பு வழுக்கி வயலில் கால் வைத்தேன், முழங்கால் வரை உள்ளே. ஒரு செருப்பு காலி. அப்போதுதான் உறைத்தது. கணக்கு காய்ந்த மண்ணுக்கு.
ஓட வேண்டியது சபியா வீட்டுக்கு. ஓடியது லேபுக்கு. வாத்தியார் புத்தி. கெபாசிட்டரைக் கூட்டி, ரெசிஸ்டரைக் குறைத்து, சுவிட்சைத் தட்டினேன். கோடு அடங்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. எண்ணும்போதே தெற்கே நிஜ வெடி.

ஜூன் 21
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.
சுவர் கட்டில்மேல். தலையணை இருந்த இடத்தில் செங்கல். மாமனார் முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.
சபியா, தாழ்ந்த குரலில்: “கொல்லைல கால் வச்சா சொதசொதங்குது. அதான் முன்கூட்டியே அவங்கள முன்னறைக்கு மாத்திட்டேன். நான் சொன்னா மாமா நகருவாங்களா? நீங்க சொன்னதா சொன்னேன்.”

ஜூன் 23
சர்க்யூட்டைப் பிரித்துப் போட்டாயிற்று. கண்ணை மூடினால் கோடு ஆடுகிறது. கட்டிலும்.
பெரியவர் கூப்பிட்டனுப்பினார். நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம், “இவரு கணக்கு இல்லேன்னா நான் மவுத்து.” எனக்காக நெடுநேரம் துஆ. சபியா நிலைப்படியில் நின்று என்னையே பார்த்தாள்.
எல்லோரும் ஆமீன் என்றார்கள். நானும்.