அம்மா அளவுக் கயிறு

டிசம்பர் 31, இரவு

நான் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கி ஒரு வருஷமாகிவிட்டது. போன டிசம்பரில் கண்டியில் தாதிப் பயிற்சிக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தேன். அந்த வாரம்தான் அம்மா கொழுந்தெடுக்கையில் மலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் தோட்டம் கொடுத்த இந்த ஒற்றை அறை லயக் காம்பரா எங்களுக்கு. பதிந்தேன். மூன்று மாதம்தானே என்று நினைத்தேன்.

அம்மாவின் கூடையைத்தான் எடுத்துப் போனேன். நான் அவளைவிட உயரம். அவள் அளவுக்குக் கட்டிய கயிறு எனக்குக் கட்டை. தலையில் மாட்டினால் கூடை பிடரியில் இடிக்கும். அவிழ்த்துக் கட்டப் போனால் அம்மா விடமாட்டாள்.

"முடிச்சுல கைய வைக்காத புள்ள. சித்திரைக்கு அப்பறம் நான்தான் மலைக்குப் போவேன். நீ கண்டிக்குப் போற."

சித்திரை போய் ஆடி என்றாள், பிறகு தீபாவளி என்றாள். எனக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. கழுத்து வலியைச் சொல்லவேயில்லை.

இன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால், அம்மா அடுப்படியில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். கறையேறி இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்திருக்கிறாள்.

"இங்க வந்து நில்லு."

சுவரில் சாய்ந்தபடி எழுந்து, கயிற்றை என் தலையில் மாட்டி, நாலு விரல் இறக்கி, புது முடிச்சுப் போட்டாள்.

"இனிமே கழுத்து வலிக்காது."

கண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூடை முதுகில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

வலித்தாலும் பழைய முடிச்சே இருந்திருக்கலாம்.