உலை உறைந்த நாள்

நேற்று மகள் வெல்லப்பாகை அடுப்பில் மறந்துவிட்டாள். வீடெல்லாம் கருகிய வாசம். அவள் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தாள். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். ஒரு காலத்தில் சாயங்காலந்தோறும் உன் உடுப்பில் இருந்த வாசம் அது.

எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரிசை வேண்டும். நீ சிரிப்பாய். இருந்தாலும் போட்டுவிடுகிறேன்:

1. உலை ஈப்போவுக்கு வந்த கதை
2. அது உறைந்துபோன நாள்
3. அன்று நான் பயமில்லாமல் பேசியது
4. உலையின் முடிவு

வெள்ளைக்காரன் காலத்தில், குட்டையில் மிதந்தபடி ஈயம் தோண்டும் கப்பல்களுக்கு ஒரு பல்சக்கரம் உடைந்தால், புதியது சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும். அதனால்தான் கோப்பெங் சாலையில் அந்த வார்ப்படப் பட்டறையைத் தொடங்கினார்களாம். உலையின் இரும்புக்கூடு துண்டுதுண்டாகக் கப்பலில் வந்தது. உள்ளே தீச்செங்கல் அடுக்கியவர்கள் சீனர்களும் நம்மவர்களும். ஜப்பான்காரன் காலத்தில் அதில் சட்டிகள் வார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். உலை அணைந்தே கிடந்ததாக வேறு சிலர். எது சரியென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுபதுகளில் நான் அங்கே கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தேன். நீ குடியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவாய். குழாய்க்குள் துளை விழுவதற்காக அச்சின் நடுவே வைக்கும் மணல் உருளைகளைச் செய்வது உங்கள் கொட்டகைப் பெண்களின் வேலை. மணலைச் சலித்து, வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்து, உருட்டிச் சூளையில் சுடுவீர்கள். அந்த உருளைகள் இல்லாமல் உலையால் ஒரு குழாய்கூடத் தர முடியாது. ஆனாலும் உலை மூட்டும் நாளில், ஆட்களை மேய்க்கும் மண்டோர் எலுமிச்சை வெட்டிவைத்து, தரையில் சுண்ணாம்புக் கோடு இழுப்பார். சீனத் தொழிலாளிகள் ஊதுபத்தி செருகுவார்கள். அதன்பின் எந்தப் பெண்ணும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

அன்று நான் பட்டறை வாயிற்படியில் நின்றிருந்தேன். இரும்பு உருகிக்கொண்டிருந்தபோது, உலைக்குக் காற்று தள்ளும் எந்திரத்தின் பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் உங்கள் கொட்டகைச் சுவரில் தொங்கியது. சத்தம் கேட்ட நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாய். கோட்டருகில் வந்து கூப்பிட்டாய். வாங்க யாரும் வரவில்லை. தாண்டி வந்தாய்.

பெல்ட்டை வாங்கி மாட்டியிருந்தால் முடிந்திருக்கும். மண்டோர் தடுத்தார். பெண் தொட்டுக் கொண்டுவந்ததைக் கற்பூரம் சுற்றாமல் மாட்டக்கூடாது என்றார். கற்பூரம் தீர்ந்திருந்தது. கடைக்கு ஓர் ஆள் சைக்கிளில் போனார். அவர் திரும்பி வருவதற்குள் உலைக்குள் இரும்பு இறுகிவிட்டது. தைத்துவிட்ட வாய் போல, இரும்பு வெளிவரும் துவாரம் அடைத்துக்கொண்டது.

மேலாளர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மண்டோர் உன்னைக் காட்டினார்.

"இவ கால் வெச்சா, ஒறஞ்சு போச்சு லா. நாளையிலேருந்து இவளுக்கு இங்க கெர்ஜா இல்ல."

அந்த வேலை போனால் உன் வீட்டில் அடுப்பு எரியாது. உன் அப்பா நோயில் படுக்கையில் இருந்தார். உன் அண்ணனுக்குத் தோட்டத்தில் பாதி நாள்தான் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

நீ அழவில்லை. "பெல்ட் அறுந்தப்புறம்தான் நான் வந்தேன். கிராணி அங்கதான் நின்னாரு. அவரக் கேளுங்க" என்றாய்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவங்க சொல்றது சரி," என்றேன். "கொண்டாந்ததும் மாட்டியிருந்தா உலை பிழைச்சிருக்கும்."

மண்டோர் என்னோடு வெகுநாள் பேசவில்லை. உறைந்த இரும்பை ஆண்கள் உளியால் கொத்திக் கொத்தி எடுத்தார்கள். உன் வேலை போகவில்லை. அடுத்த முறை உலை மூட்டியபோது எலுமிச்சை இருந்தது, ஊதுபத்தி இருந்தது. கோட்டை மட்டும் யாரும் இழுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாய். நன்றி சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். "உங்களுக்குச் சத்தமே வரல. பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு" என்றாய். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பி, "எங்க அண்ணன்கிட்ட வந்து பேசும்போதாவது கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்றாய். என்ன பேசுவது என்று எனக்கு விளங்க இரண்டு பஸ் போக வேண்டியிருந்தது.

எண்பதுகளில் ஈயம் விலை விழுந்தது. கப்பல்கள் நின்றன, பட்டறைக்கும் வேலை இல்லாமல் போனது. உலையைப் பழைய இரும்புக்கு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போனோம். கூட்டில் பாதி ஏற்கெனவே லோரியில் கிடந்தது. நீ கிட்டே போய், துருப்பிடித்த அந்த உடம்பில் உள்ளங்கையை வைத்தாய். "பாவம், இதுக்கு என்னா தெரியும்" என்றாய்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் எனக்குப் பேசவேண்டிய இடங்கள் வருகின்றன. கோயில் கூட்டத்தில், ஆஸ்பத்திரி முகப்பில், பேரனின் பள்ளியில். நழுவிவிடப் பார்க்கிறேன். அப்போது "அவரக் கேளுங்க" என்று யாரோ என்னைக் காட்டிவிட்டதுபோல இருக்கும். மெதுவாகவாவது சொல்லிவிடுகிறேன்.

எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பு தவறு. பயமில்லாமல் நான் பேசவில்லை. கதவுநிலையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் பேசினேன். நீ கேட்கச் சொல்லாமல் இருந்திருந்தால், அன்று நான் வாயே திறந்திருக்கமாட்டேன்.