பதினேழாம் எண் தீர்மானம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. தேசிய சங்கப் பொதுக்கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே, செயற்குழு வேலையாகத் தலைநகருக்குப் போய்விட்டாய். அங்கே குளிர் அதிகம் என்றார்கள். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

எப்போதும் தட்டச்சு செய்து அனுப்புகிறவன் இந்தத் தடவை கையால் எழுதுகிறேன். வீட்டில் பிரிண்டர் ரிப்பேர். அதைப் பற்றிப் பிறகு.

மாநில மருத்துவர் சங்க அலுவலகம் நீ விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. மாடிப்படி பல்பு எரியவில்லை. கீழே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நம் பெயர்ப்பலகையை மறைத்துத் தன் பலகையை மாட்டிவிட்டார். ஆட்சேபித்து மூன்று கடிதம் கொடுத்தேன். "அரை டாக்டர் அடுத்த பெட்டிஷன் போட்டுட்டாரு" என்று உங்கள் டாக்டர்கள் என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தேசிய சங்கத்தின் விதிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்தேன். ஒரு விதி தெரியவேண்டுமென்றால் அத்தனை டாக்டர்களும் இந்தக் குமாஸ்தாவின் மேஜைக்குத்தான் வருகிறார்கள்.

நம் தீர்மானத்துக்கு இந்த வருடம் பதினேழாம் எண். 'எந்த மருத்துவரையும் தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் பணியில் வைக்கக் கூடாது. தேசிய சங்கம் இதை அரசிடம் வலியுறுத்த வேண்டும்.' அவ்வளவுதான். ஆறு வருடமாக நான் எழுத, மாநிலச் சங்கம் கைதூக்க, நீ கொண்டுபோகிறாய். ஆறு வருடமாக அங்கே வேறு பத்து இருபதோடு சேர்த்து ஒரே கட்டாக 'ஆய்வுக்கு' அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக என் கோப்பில் இல்லை. கட்டிலிருந்து ஒன்றை வெளியே எடுக்க ஒரே வழிதான் உண்டு. தலைவர் ஆய்வுக்குப் போகும் எண்களின் பட்டியலை வாசித்து முடிப்பதற்குள், கொண்டுவந்த மாநிலத்தின் பிரதிநிதி எழுந்து எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சபை விவாதித்தே ஆகவேண்டும்.

போன வருடம் திரும்பி வந்து என்ன சொன்னாய்? "ஹால்ல ஒரே இரைச்சல் அண்ணே. எழுந்து கத்திப் பார்த்தேன், ஒருத்தனும் காதுல வாங்கல." உன் தொண்டை கட்டியிருந்தது. உன் அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இந்தப் புதன்கிழமைதான் தபாலில் வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம்: 'மாநிலப் பிரதிநிதி எழுந்து, தம் தீர்மானத்தை ஆய்வுக்கு அனுப்புவதில் ஆட்சேபனை இல்லை எனத் தெரிவித்தார்.' எழுந்தது உண்மைதான். எதிர்ப்பக்கத்தில் புதிய செயற்குழு உறுப்பினர் பட்டியல். நான்காவது பெயர் உன்னுடையது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மனமில்லை. அச்சடித்தவர்கள் எதிரெதிரே போட்டுவிட்டார்கள்.

விளக்கம் எழுதாதே. உள்ளே இடம் கிடைத்தால்தான் நம் பேச்சு எடுபடும் என்பாய். இடம் கிடைத்து ஒரு வருடம் ஆகிறது.

இனி என் மகள் விஷயம். சித்தப்பாவைப் பார்த்து டாக்டருக்குப் படித்தவள். போன வாரம் குழந்தைகள் வார்டில், பணியின் முப்பத்தோராவது மணி நேரத்தில், ஒரு கைக்குழந்தைக்கு அரை மணி முன்பு போட்ட ஊசியையே மறுபடி எழுதியிருக்கிறாள். நர்ஸ் கவனித்துவிட்டார். "டாக்டரம்மா, இதை இப்பதானே போட்டோம்?" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, சுகமாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இவள்தான் இன்னும் வந்து சேரவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

ஞாயிறன்று ஒரு தாளைக் கொடுத்தாள். ராஜினாமாக் கடிதம். "டைப் பண்ணிக் குடுங்கப்பா. நீங்க அடிச்சா பிழை இருக்காது" என்றாள். பிரிண்டர் ரிப்பேர் என்றேன். எப்போது சரியாகும் என்று கேட்டாள். இருபதாம் தேதி ஆகிவிடும் என்றேன். உங்கள் பொதுக்கூட்ட நாள். வேறு தேதி என் வாயில் வரவில்லை.

அவளும் புரிந்துகொண்டாள் போல. "சித்தப்பா இந்த வருஷமாவது பேசுவாராப்பா?" என்றாள். "போன வருஷமே பேசினான்மா, அங்க யாரும் கேட்கல" என்றேன். அந்த நடவடிக்கைக் குறிப்பை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இத்தனை வருட வேலையில் நான் ஒளித்துவைத்த முதல் காகிதம் அது.

நான் ஓய்ந்துதான் போயிருக்கிறேன். ஆனாலும் இந்த வருடமும் ஆய்வுக்குப் போனால் அடுத்த வருடமும் எழுதுவேன். பிரதிநிதியை மாற்றக் கோரும் மனுவையும் நானே எழுதுவேன். இது மிரட்டல் இல்லை, விதியில் இருக்கிறது.

உன் அண்ணி தைலம் அனுப்பியிருக்கிறாள், தொண்டைக்குத் தடவிக்கொள். இருபதாம் தேதி காலை, பட்டியல் வாசிக்கும்போது டீ குடிக்க வெளியே போகாதே. பதினேழு என்று சொன்னால் போதும். நீ நன்றாக இருக்க வேண்டும், இன்னும் பெரிய பதவிக்குப் போக வேண்டும். அதற்கு என் ஆசி எப்போதும் உண்டு.

நேற்றும் கேட்டாள், பிரிண்டர் சரியாகிவிட்டதா என்று.

இப்படிக்கு,
உன் அண்ணன்