புழுவுக்குள் ஒரு கூட்டம்

செப்டம்பர் 6, சனி
செலண்டார் பாசாரில் வாங்கிய கெம்போங் மீனை அம்மா அறுத்தபோது, குடலின் மேல் வெள்ளை நூல் போல ஒரு புழு சுருண்டிருந்தது. “ஐயே! இனி அந்தக் கடப் பக்கமே போவக் கூடாது லா,” என்றார். நான் அதை உப்புத் தண்ணீரோடு இருமல் மருந்துக் குப்பியில் போட்டுக்கொண்டேன். மற்ற மீன்களின் குடல் எல்லாம் ஐஸ்கிரீம் டப்பாவில், உறைபெட்டியின் அடியில். அம்மாவுக்குத் தெரியாது.

செப்டம்பர் 8, திங்கள்
பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தேன். புழுவின் உடலுக்குள் கொத்துக் கொத்தாக மணிகள்! நீள்வட்டம். எல்லாம் ஒரே அளவு. வெளிச்சத்தைக் குறைத்தால் மினுங்கின. 
“புழுவோட முட்டைதான்மா,” என்றார் ஜானகி டீச்சர்.
முட்டையா?

செப்டம்பர் 9
நூலகத்தில் படித்தேன். மீனுக்குள் சுருண்டிருப்பது வளராத புழு. மீனைத் தின்னும் பெரிய விலங்கின் வயிற்றுக்குப் போன பிறகுதான் அது வளர்ந்து முட்டையிடும். அப்படியென்றால் அவை முட்டையே இல்லை! புழுவுக்குள் குடியிருக்கும் மைக்ரோஸ்போரிடியா என்ற நுண்ணுயிராக இருக்கலாம். புழுவுக்கு மீன் வீடு. இவற்றுக்குப் புழு வீடு. இத்தனையும் நாங்கள் குழம்பு வைக்கிற மீனில்!

டீச்சரிடம் ஓடினேன். நேற்று நுண்ணோக்கியில் வைத்த கண்ணாடித் துண்டில் எல்லாம் காய்ந்து கிடந்தது. ஓரத்தை நகச்சாயம் பூசி அடைத்திருக்க வேண்டுமாம்.
“நீ சொல்றது சரின்னுதான் படுது, கலை. ஆனா மறுபடி காட்டு. மாசக் கடைசிக்குள்ள காட்டுனாதான் மாநில அறிவியல் போட்டிக்கு உன் பேர அனுப்ப முடியும்.”
டப்பா இருக்கிறது. அடுத்த வாரம் பள்ளி விடுமுறை; முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம். பயமில்லை.

செப்டம்பர் 16
நாளை புரட்டாசி என்று அம்மா வீட்டையே கழுவினார். உறைபெட்டிக்கும் மஞ்சள் தண்ணீர். டப்பா வாசலில் கிடந்தது. உள்ளே பூனைகள் நக்கிக்கொண்டிருந்தன.
“அம்மா! அது என்னோட புராஜெக்ட்!”
“மீன் கொடலா புராஜெக்ட்டு? பெருமாள் மாசத்துல கவுச்சி வாடையே வரக்கூடாது. முன்னாடியே சொல்றதுக்கென்ன?”
சொல்லியிருக்கலாம். நானும்தானே வருஷா வருஷம் வெரதம் இருக்கேன்— எப்படி மறந்தேன்?

செப்டம்பர் 18
அம்மாவோடு பேசவில்லை.

செப்டம்பர் 20, சனி
காலையில் பின்வேலியோரம் அம்மாவின் குரல். பக்கத்து வீட்டு மலாய் அத்தை சல்மா மாக்சிக், தான் அறுத்த மீன்களின் குடலைப் பையில் கட்டி வேலிக்கு மேல் நீட்டினார். அம்மா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கினார்!
“இந்தா. வெளிக்கொழாகிட்ட வச்சுப் பாரு. உள்ள கொண்டாந்த, கொன்னுடுவேன்.”
பிறகு மறுபடி தலைக்குக் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினார். புரட்டாசி முதல் சனிக்கிழமை.

செப்டம்பர் 24
பள்ளி திறந்துவிட்டது. தினமும் அம்மா வேலியோரம் வாங்கித் தரும் ஒரு பை. புழு உண்டு; மணிகள் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி
இருக்கு! இருக்கு! இருக்கு!
இந்த முறை நகச்சாயம் பூசிவிட்டேன். டீச்சர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “முட்டை இல்லம்மா,” என்றார், மெதுவாக. உடனே என் பெயரை அனுப்பினார்.

செப்டம்பர் 27
கைப்பேசியில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். மீன் படம் சாமி கண்ணில் படாதபடி, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கினார். இன்னும். இன்னும். மணிகள் மங்கி வெறும் கட்டங்களான பிறகும் விடவில்லை.
“அதுக்குள்ள யாரு இருக்கா?”
யாருக்காவது தெரியுமா?
வேலிக்கு அந்தப் பக்கம் மாக்சிக்கின் குரல் கேட்டது.
“போதும்மா, பேரு அனுப்பியாச்சு,” என்றேன்.
அம்மா அதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.