உம்மாவுக்கென்று கீறிய அறை

என் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மையவாடிக்கு வந்து, உங்களை அடக்கிய இடத்தில் தலைமாட்டில் நின்று ஸலாம் சொல்லப் பெண்பிள்ளைகளுக்கு நம்மூரில் வழக்கமில்லை. ஆகவே சாய்ந்தமருதில் என் வரைபட மேசையிலிருந்து எழுதுகிறேன். துஆவோடு தொடங்கத்தான் நினைத்தேன். கோபம் முந்திக்கொண்டு நிற்கிறது.

நீங்கள் போனபின், வெளியே இறங்காமல் உம்மா இருந்த இத்தா முடிந்துவிட்டது. அந்த மாதங்களெல்லாம் பண்டாரவளை வீட்டில், நான் கட்டித்தந்த புது அறையில்தான் இருந்தார். "இந்தக் குளிருக்குள்ளயும் மனசுக்கு வெளிச்சமா இரிக்கி மகள்" என்று தொலைபேசியில் சொன்னார். வீடுகளுக்கு வரைபடம் கீறத் தொடங்கிய நாளிலிருந்து இப்படியொரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த அறையைக் கேட்டது நீங்கள்தானே? பெண்பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அதற்குள் கொண்டுவருவது நம்மூர் வழக்கம். எனக்குக் கலியாணம் முடித்தபோது இந்த ஊர்வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டு, புடைவைக்கடை வைத்திருந்த மலையிலேயே பழைய வீடொன்றை வாங்கி உம்மாவோடும் தங்கச்சி ரிஸ்னாவோடும் குடிபோனீர்கள். எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையோ கட்டியது. கருங்கல் சுவர், தகரக் கூரை, அறைக்கு அறை படி. உம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துவரவில்லை.

"மகள், உம்மாக்குப் படி ஏறேலாது. பக்கத்தால புதுமாதிரியா ஒரு அறை கீறித் தா" என்றீர்கள்.

உம்மாவை வைத்தே அளந்து கீறினேன். புது அறைக்குப் போக ஒரு படிகூட வைக்கவில்லை. கதிரையில் இருந்தபடியே பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும் என்று ஜன்னலைத் தாழ்த்தினேன். குளியலறையில் பிடித்து எழும்ப ஒரு கம்பி, கிப்லாப் பக்கம் இருந்து தொழ ஒரு மூலை. பழைய கருங்கல் சுவரைப் பூசி மறைக்காமல் அறைக்குள்ளேயே விட்டேன். புதுக் கண்ணாடி அதன் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கக்கூடாதென்று கூரையை எத்தனை தடவை மாற்றினேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சொன்ன திருத்தம் ஒன்றுதான். "வெளியால ஒரு தனி வாசல் வை."

"தனி வாசல் ஆருக்கு வாப்பா?"

"வாற போற ஆக்களுக்கு."

நம்பினேன். அறை முடிந்த கையோடு நீங்கள் மவுத்தாகிப்போனீர்கள்.

போன மாதம் ரிஸ்னாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் உம்மா அந்தத் தனி வாசலால் நேரே உள்ளே வந்து, குளியலறைக் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி இரிக்கி. இதக் கழட்டுங்க புள்ள. ஜன்னலையும் கொஞ்சம் உயத்தோணும்."

"இது எங்கட உம்மாட அறை" என்றேன்.

"என்ன கதைக்கிறீங்க? அத்திவாரம் போடக்குள்ளயே உங்கட வாப்பா கூட்டிவந்து காட்டினவர். புள்ளைக்கும் மாப்பிளைக்கும் எண்டுதானே வாக்குத் தந்தவர்?"

உம்மாவைப் பார்த்தேன். "ஓம்" என்றார், தேநீர்க் கோப்பையை நீட்டியபடி. "பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்காம எப்பிடி மகள்? நான் குசினியடிச் சின்ன அறைக்குள்ள இரிப்பன்." சமையலறைப் பக்கத்து அந்த அறைக்கு இறங்கத்தான் வீட்டிலேயே அதிகப் படி.

அவர்கள் போனபின் ரிஸ்னாவோடு சண்டை பிடித்தேன். அவள் அழவில்லை. "உனக்கு ஊர்வீட்டத் தரக்குள்ள, உம்மா எங்க படுப்பாண்டு நீ கேட்டியா ராத்தா?" என்றாள். ஆத்திரம் இன்னும் கூடிப்போனது.

அவளிடம் அல்ல வாப்பா, உங்களிடம். மருமகனுக்கு அறை வேண்டுமென்றால் அப்படியே சொல்லியிருக்கலாமே? இரண்டு அறை கீறியிருப்பேனே? என் கையாலேயே உம்மாவுக்கு ஓர் இடத்தை ஆசைகாட்டி, என் கையாலேயே அதைப் பறிக்கவும் வைத்துவிட்டீர்கள். உண்மையைச் சொல்ல வெட்கமா? இல்லை, உம்மாவின் முழங்காலைச் சொன்னால்தான் நான் நன்றாகக் கீறுவேன் என்று தெரிந்துவைத்திருந்தீர்களா?

கம்பியை நானே கழற்றினேன். இப்போது அது சாய்ந்தமருதில் என் குளியலறைச் சுவரில் இருக்கிறது. படி இறங்க விடாமல் உம்மாவையும், கலியாணம் வரைக்கும் ரிஸ்னாவையும் இங்கே கூட்டிவந்துவிட்டேன். உம்மா முன்னறையில் இருக்கிறார். மலை வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. காலையில் ஜன்னலடியில் கதிரையை இழுத்துப் போடுவார். வெளியே பக்கத்து வீட்டு மதில் மட்டும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னால் அங்கே நிற்க முடிவதில்லை.

என் மகளும் வளர்கிறாள். அவளைக் கேட்டும் ஒருநாள் ஆட்கள் வீடு பார்க்க வருவார்கள். முதலில் அவர்களை, வீட்டை மகளுக்குக் கொடுத்தபின் நான் படுக்கப்போகும் அறைக்குக் கூட்டிப்போவேன். அதைப் பார்த்த பிறகும் இருந்து தேநீர் குடிப்பவர்களுக்குத்தான் பெண் கொடுப்பேன். நானும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன் வாப்பா. இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த வாக்கு.

இப்படிக்கு,
ஊர்வீட்டை வாங்கிக்கொண்ட உங்கள் மூத்த மகள்,
ஸுலைஹா