வாசலோடு நிறுத்தப்பட்ட குழந்தைகளை நூலகத்துக்குள் அனுமதிக்கக் கோரி

அனுப்புநர்
ஏ. எழிலரசி,
பள்ளிக்கூடத் தெரு,
ஒரகடம் அருகில்.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: ஊர்ப்புற நூலகத்தில் ஞாயிறு கதை நேரம் நிறுத்தப்பட்டது, வெளிமாநிலக் குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி மறுக்கப்படுவது – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முதுகலைப் பட்டதாரி. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப்புற நூலகத்தில், நூலகரின் அனுமதியுடன் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குக் கதை படித்து வந்தேன். ஊர்க் குழந்தைகள் வருவார்கள். வாடகை வீடுகளில் தங்கியிருக்கும் ஒடிசாத் தொழிலாளர்களின் குழந்தைகளும் வருவார்கள்.

2. இவர்கள் விளையாடுவது கம்பெனி விளையாட்டு. கழுத்தில் அட்டை. நிரந்தரத் தொழிலாளிக்கு நீலம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள். பெற்றோர் தொழிற்சாலைக்கு அணிந்து போவதைப் போலவே. ஒடிசாச் சிறுமி லிப்சாவுக்கு எப்போதும் மஞ்சள். ஏன் என்று கேட்டேன்.

"அக்கா, அவ காண்ட்ராக்ட்டு. கம்பெனி பஸ்ல கடசி சீட்டுதான் அவளுக்கு" என்றாள் எட்டு வயது நிலா. கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

3. அடுத்த ஞாயிறு நானே ஒரு படக்கதை வரைந்து படித்தேன். மஞ்சள் அட்டை அணிந்த பெண் ஒருத்தி வேலையிடத்தில் மயங்கி விழுகிறாள். அவள் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான் கதை. நீதி எதுவும் சொல்லவில்லை. படித்து முடித்ததும் நிலா தன் நீல அட்டையை லிப்சாவுக்கு மாட்டிவிட்டு, மஞ்சளைத் தான் அணிந்துகொண்டாள். அப்படிச் செய்யும்படி நான் சொல்லவில்லை.

4. மகளை அழைத்துப்போக வந்த நிலாவின் தந்தை திரு. கன்னியப்பன் இதைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? பர்மனென்ட் ஆவறதுக்குள்ள நாயா பேயா ஒழைச்சிக்கிறேன். எம் பொண்ணு கழுத்துல மஞ்சள மாட்டி வுட்டுக்கினு கீற?"

"சும்மா வெளையாட்டுக்குப்பா" என்றாள் நிலா.

லிப்சா நீல அட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

அவர் மீது எனக்குப் புகார் இல்லை.

5. மறு வாரம் கதை நேரம் நிறுத்தப்பட்டது. உள்ளூர்க் குழந்தைகள் மட்டுமே உள்ளே உட்காரலாம் என்று நூலகர் வாய்மொழியாகக் கூறினார். எழுத்தில் கேட்டேன். தரவில்லை.

மற்ற ஒடிசாக் குழந்தைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். லிப்சா வருகிறாள். வெளியே, ஜன்னலுக்குக் கீழே உட்காருகிறாள். உள்ளே நிலா ஜன்னலோரம் அமர்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கிறாள். சத்தம் கூடாது என்று அவளை இருமுறை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது முறை ஜன்னலைச் சாத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே, எல்லாக் குழந்தைகளையும் உள்ளே அனுமதிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கதை நேரத்தை நான்தான் நடத்த வேண்டும் என்பதில்லை. வேறு யாரேனும் படிக்கலாம். உத்தரவு வரத் தாமதமாகும் எனில், அதுவரை அந்த ஜன்னல் திறந்திருக்கட்டும் என்று மட்டுமாவது நூலகருக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இடம்: ஒரகடம்
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஏ. எழிலரசி