சம்மட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன்

மாமா, இன்றைக்குக் காலையில் பழைய சுண்ணாம்புக் காரையின் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. மைசூரில் ஒரு பழைய ஓட்டு வீடு. சமையல்கட்டையும் கூடத்தையும் ஒன்றாக்க நடுச்சுவரை இடிக்கிறார்கள். உங்க தம்பி, என் கொழுந்தன், சம்மட்டியால் ஒரு அடி போட்டுவிட்டு, அடுத்த அடிக்கு ஓங்கி நிற்கிறான். நான் கல் சுமக்கும் சட்டியோடு வாசலில்.

நீங்க வேலை தொடங்கும் முன்னால் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவீங்க. மண் வைத்துக் கட்டியதா, சுண்ணாம்பா, சிமெண்டா என்று தெரிந்த பிறகுதான் சாமான் சாக்கை அவிழ்ப்பீங்க. மண்ணுக்கும் சுண்ணாம்புக்கும் உளியும் கைச்சுத்தியும், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக. கல் அசைந்த பிறகு கடப்பாரை. சம்மட்டி, மேலே பாரம் இல்லாத சிமெண்டுத் திட்டுக்கு மட்டும். "பெரிய சாமான் எடுத்தா வேலையும் சீக்கிரம் முடியும், ஆளும் சீக்கிரம் முடிவான்" என்று சிரிப்பீங்க.

அன்றைக்கு மட்டும் ஏன் மாமா? ஊர்த் திருவிழாவுக்கு ஹனூர் பஸ்ஸைப் பிடிக்கணும் என்று சம்மட்டியை எடுத்தீங்க. சுவர் அதிர்ந்தது. மேலே பரணுக்குப் பதித்திருந்த கல் சரிந்தது. "ஓடு புள்ள!" என்றீங்க. நான் ஓடினேன். நீங்க வரவில்லை.

"அதைக் கீழ வை தம்பி, உளி எடு" என்றேன் இன்றைக்கு.

மேஸ்திரி திரும்பினார். "ஏம்மா, கல்லு சொமக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா? சாயங்காலத்துக்குள்ள சுவர் போகணும்."

"சொமக்கத்தான் வந்தேனுங்க. விழுந்தா அடியில நிக்கறது நாங்கதானே? சம்மட்டியைக் கீழ வெக்கற வரைக்கும் உள்ள வரமாட்டேன்."

சொல்லிவிட்டேன். நாளைக்கு வேலைக்குக் கூப்பிடாமல் விட்டால்? பின்னால் நின்ற மற்ற சித்தாள் பெண்களும் சட்டியை இறக்கி வைத்தார்கள்.

"அண்ணி பயந்துட்டாங்க மேஸ்திரி" என்று தம்பி நெளிந்தான்.

"ஆமா, பயந்துதான் கெடக்கறேன். நீயும் கொஞ்சம் பயப்படு."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு சம்மட்டியை மூலையில் சாய்த்துவிட்டு ஏணி போட்டு ஏறினான். "என்னமோ பண்ணுங்க. ஓனருக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க" என்று மேஸ்திரி பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் பாதிச் சுவர்தான் இறங்கியிருந்தது. "பாரு, எவ்வளவு கெட்டியா நிக்குது. சம்மட்டியில அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றார் மேஸ்திரி. இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? "நாளைக்கு நேரத்துல வந்துடு" என்றும் சொன்னார்.

உங்க தம்பி இருமிக்கொண்டே பஸ்ஸுக்கு முன்னால் நடந்தான். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே பின்னால் போனேன். இந்தப் பயம் விட்டுப் போகணும் என்று இத்தனை நாள் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். இனிமேல் வேண்டமாட்டேன், மாமா. நாளைக்கு இடிக்க மீதிப் பாதிச் சுவர் நிற்கிறது.